அரச காணிகளிலிருந்து வெளியேற்றும் சட்டத்தின் பிரிவு 9 பற்றி வன்னியின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வன்னியின் பிரதேச செயலகங்களில் காணிக் கிளை உத்தியோகத்தராக 29 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றேன். அரச காணியை விட்டு வெளியேறும்படி மக்களுக்கு அனுப்பும் அறிவித்தல்களை என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். அவற்றில் ஒன்று இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டு, உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

2014ஆம் ஆண்டு. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு குளத்தடிக் கிராமம். அரை ஏக்கர் மேட்டுக்காணி. அதில் ஒரு தாய், இரண்டு பெண்பிள்ளைகள், தகரக் கொட்டில் ஒன்று, பழைய கட்டுக்கிணறு ஒன்று, காய்க்கிற தென்னை நான்கு. ஒரு திணைக்களத்துக்குக் கட்டடம் கட்ட இடம் தேவைப்பட்டது. அந்தக் காணிக்கு எங்கள் அலுமாரியில் கோவை இருக்கவில்லை. கோவை இல்லாதபடியால் அது அத்துமீறிய குடியிருப்பு என்று பட்டியலில் ஏறியது. அந்தக் கிணற்றின் கல்லில் படிந்திருந்த பாசியை யாரும் போய்ப் பார்க்கவில்லை. தென்னையின் வயதையும் யாரும் கேட்கவில்லை.

வெளியேறல் அறிவித்தலில் எழுத வேண்டியது அதிகம் இல்லை. இது அரச காணி என்பது தகுதிவாய்ந்த அதிகாரியின் அபிப்பிராயம். நீங்கள் அதிகாரமின்றி அதில் இருக்கிறீர்கள் என்பதும் அவருடைய அபிப்பிராயம். குறித்த திகதிக்குள் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு 30 நாள். எல்லைகளை நான் நிரப்பினேன். வடக்கே ‘குளக்கட்டு’ என்று எழுதியது நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் அந்தத் தாய் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. என் மேசையில் அதைக் கவிழ்த்தார். குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், மனிக்பாம் முகாமில் கொடுத்த துண்டு, கமநல சேவை நிலையத்தின் உரப் பற்றுச்சீட்டுகள் இரண்டு. மடிப்புகளில் கிழிந்து போயிருந்த அந்தச் சீட்டுகளில் ஒன்றில் 1998 என்ற ஆண்டு மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அரச காணியில் குடியிருக்க அரசு எழுத்தில் கொடுக்கும் பெர்மிட் வேறு பையில் இருந்ததாம். அந்தப் பை கணவரிடம் இருந்தது. போரின் கடைசியில் மாத்தளனில் கணவரோடு அந்தப் பையும் போய்விட்டது.

“என்னைக் கூப்பிட்டு ஒரு தரம் விசாரியுங்கள்” என்று பிரதேச செயலாளரிடம் கேட்டார். அப்படி விசாரிக்கும் கடமை எதுவும் சட்டத்தில் இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சொன்னது பிழையும் அல்ல.

பிறகு நீதவான் நீதிமன்றம். நான் கோவையோடு பின்வரிசையில் நின்றேன். நீதவான் பொறுமையான மனிதர்.

“அம்மா, உங்களிடம் பெர்மிட் இருக்கிறதா?”

“இருந்தது ஐயா.”

“இப்போது இருக்கிறதா?”

அவர் பதில் சொல்லவில்லை. பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நீதவான் கொஞ்ச நேரம் எங்கள் பக்கம் பார்த்தார். எங்களிடம் கேட்க அவருக்கு ஒரு கேள்வி இருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. கேட்பதற்குச் சட்டம் விடவில்லை. வெளியேற்றும் கட்டளை எழுதப்பட்டது. கட்டளையை நிறைவேற்ற நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் போன அன்று, மரத்தில் நிற்கிற தேங்காயைப் பறித்துக்கொள்ள ஒரு மணி நேரம் தாருங்கள் என்று கேட்டாராம். கொடுத்தார்களாம்.

வேலையில் இருந்த காலத்தில் படிவத்தை மட்டுமே வாசித்தேன். ஓய்வுபெற்ற பிறகுதான் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். தயவுசெய்து நீங்களும் ஒரு தரம் வாசியுங்கள். சிறிய சட்டம்தான்.

அதன் 3ஆம் பிரிவு அதிகாரியின் அபிப்பிராயத்திலிருந்து தொடங்குகிறது. அந்த அறிவித்தல் தொடர்பாக எவருக்கும் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமையோ விசாரணைக்கு உரிமையோ இல்லை என்ற வரி, 1983ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கத் திருத்தத்தோடு உள்ளே வந்தது. 9ஆம் பிரிவு இன்னும் இறுக்கமானது. அழைப்பாணை பெற்றவர் நீதவான் முன்னால் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம்: எழுத்துமூலமான சட்டப்படி கொடுக்கப்பட்ட பெர்மிட் அல்லது வேறு அரச எழுத்து அதிகாரம் தன்னிடம் உண்டு, அது இன்னும் செல்லுபடியாகிறது, இரத்துச் செய்யப்படவில்லை. வேறு எந்த வாதமும் எடுபடாது. அதே பிரிவின் அடுத்த வரி, விண்ணப்பத்துக்கு ஆதாரமாக எந்தச் சாட்சியத்தையும் அதிகாரியிடமிருந்து கோர நீதவானுக்குத் தகுதி இல்லை என்கிறது. அன்றைக்கு அந்த நீதவான் எங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது இந்த வரியால்தான். காணி உண்மையில் அரசுக்குச் சொந்தமானதா என்றுகூட அவர் எங்களைக் கேட்க முடியாது.

12ஆம் பிரிவில் ஒரு பரிகாரம் இருக்கிறதே என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். வெளியேற்றும் கட்டளை வந்து ஆறு மாதத்துக்குள் அரசுக்கு எதிராக உரித்து வழக்குப் போடலாம். அது சொந்தக்காரருக்கு உரிய வழி. பெர்மிட்காரர் சொந்தக்காரர் அல்லர். சொந்தக்காரர் என்று காட்டும் காணி உறுதிப் பத்திரம் உள்ளவனுக்கு அந்த வாசல் திறக்கும். வன்னியில் குளத்தை நம்பி வந்து குடியேறிய மனிதர்களில் எத்தனை பேரிடம் உறுதி இருக்கிறது?

இந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அது கேட்கிற அந்த ஒரு தாள் நாடு முழுவதும் ஒரே மாதிரித் தொலையவில்லை. முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் குடியேறியவர்களுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட் கொடுத்தார்கள். 2008 பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் ஊர்ஊராக நகர்ந்தபோது, முதலில் பெட்டிகளை விட்டது, பிறகு சைக்கிள்களை விட்டது, கடைசியில் பைகளையும் விட்டது. பங்கருக்குள் தண்ணீர் ஏறிய இரவுகளில் எத்தனை பெர்மிட்டுகள் கூழாகிப் போயின என்பது அந்தந்த வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். பெர்மிட்டுகளைப் பதிந்து வைக்கும் பேரேட்டின் உறுதிப்படுத்திய பிரதி கிடைத்தால் சிலர் தப்பலாம். ஆனால் பேரேடு இருப்பது வழக்குப் போட்ட அலுவலகத்தின் அலுமாரியில். சில இடங்களில் அந்த அலுமாரியே இல்லாமல் போனது.

முதலிலேயே பெர்மிட் கிடைக்காதவர்களின் கதை வேறு. 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து, கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். (கிளிநொச்சி மக்கள் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் என்பது எனக்குத் தெரியும். ஆனால் காணிப் பிரச்சினையில் வன்னி ஒரே வன்னிதான். அவர்களையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.) 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு இங்கே நிர்வாகம் நடத்தியவர்கள் காட்டிய இடத்தில் அவர்கள் இருந்தார்கள். அந்த நிர்வாகம் கொடுத்த துண்டுகளை இன்று எவரும் வெளியே எடுத்துக் காட்ட மாட்டார்கள்.

இனி 2013 செப்டெம்பருக்கு வருகிறேன். அந்த மாதம் 21ஆம் திகதி வட மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது. வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்த சனத்தை நான் வாக்குச் சாவடியில் கடமையில் இருந்தபடி பார்த்தேன். காணி அதிகாரம் எங்களுடைய சபைக்கு வரும் என்று நம்பினார்கள். சரியாக ஐந்து நாள் கழித்து, 26ஆம் திகதி, சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அந்த வழக்கு வன்னியிலிருந்து போனது அல்ல. ஸ்டபோர்ட் தோட்டத்தில் இருந்த ஒருவருக்கு இதே 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியேறல் அறிவித்தல் வந்தது. அதை இரத்துச் செய்யும் எழுத்தாணை (அதிகாரியின் முடிவைப் பரிசீலித்து மேல்நிலை நீதிமன்றம் இடும் ஆணை) கேட்டு அவர் கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது அந்த நீதிமன்றம். அதிகாரம் உண்டு, விசாரியுங்கள் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். பிரதம நீதியரசர் மொஹான் பீரிஸ், நீதியரசர்கள் ஸ்ரீபவன், வனசுந்தர ஆகிய மூவரும் தனித்தனியே எழுதி, அதிகாரம் இல்லை என்று முடித்துவைத்தார்கள். அரச காணி குடியரசிடமே இருக்கிறது. மாகாண சபைகளை உருவாக்கிய, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் இரண்டாம் பின்னிணைப்புப்படி மாகாண சபைக்கு வருவது மத்திய அரசு அதன் பாவனைக்கென்று கொடுக்கும் காணி மட்டும். ஆகவே அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தல் மாகாண சபை நிரலில் உள்ள விடயம் அல்ல. அந்த நிரலில் இல்லாத விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றம் எழுத்தாணை வழங்க முடியாது. சுருக்கம் இதுதான்.

இந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. 2003இல் காணி உரிமைச் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் இதே நீதிமன்றம் மாகாண சபையின் ஆலோசனைக்கு எவ்வளவு கனம் கொடுத்தது என்பதைச் சட்டத்தரணிகள் உங்களுக்குச் சொல்வார்கள். அதே பின்னிணைப்பு, தேசிய காணி ஆணைக்குழு ஒன்றை அரசு அமைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1987இல் எழுதப்பட்ட அந்த ஆணைக்குழு இன்றுவரை அமைக்கப்படவில்லை. பின்னிணைப்பின் ஒரு பாதி உயிரோடு இருக்க, மறுபாதி பிறக்கவே இல்லை. 2015 ஜனவரியில் மொஹான் பீரிஸின் நியமனமே செல்லாது என்று அரசு நிலைப்பாடு எடுத்ததல்லவா, அப்படியானால் தீர்ப்பும் செல்லாதுதானே என்று மாங்குளம் சந்தித் தேநீர்க்கடையில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அப்படி அல்ல. மற்ற இருவரும் அதே முடிவுக்குத் தனியே வந்திருந்தார்கள். ஐந்து நீதியரசர்களோ அதற்கு மேற்பட்டவர்களோ கொண்ட ஓர் ஆயம் ஒரு நாள் வேறு விதமாகச் சொல்லும் வரையில் அதுதான் முன்தீர்ப்பு. எல்லா மாகாண மேல் நீதிமன்றங்களையும் அது கட்டும்.

அந்த முன்தீர்ப்பு ஒட்டுசுட்டானில் இருக்கிற ஒரு தாயிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். 2014இல் அவருக்காக ஒரு சட்டத்தரணியிடம் கேட்டவர்கள் உண்டு. போன வருடம் என்றால் வவுனியா மேல் நீதிமன்றத்தில் கேட்டாவது பார்த்திருக்கலாம், இனி எழுத்தாணைக்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றார் அவர். மேன்முறையீட்டு நீதிமன்றம் இருப்பது புதுக்கடையில். இரவு பஸ், விடிய முகம் கழுவ ஓர் இடம், ஆங்கிலத்தில் எழுத வேண்டிய மனு, ஒரு தவணைக்கு ஒரு தொகை, எத்தனை தவணை என்பது எவருக்கும் தெரியாது. அரை ஏக்கருக்காக அந்தப் பயணத்தைத் தொடங்க அவரால் முடியவில்லை. நீதவானின் கட்டளையை மீளாய்வு செய்யக் கேட்கலாமே என்று சொல்வீர்கள். அங்கும், நீதவான் 9ஆம் பிரிவின்படி நடந்தாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். அவர் அப்படித்தான் நடந்தார்.

நீதிமன்றத்தால் அரசைத் தடுத்து நிறுத்த முடியும் என்பதையும் அண்மையில் கண்டோம். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்று சொன்னது. அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,703 ஏக்கர், கிளிநொச்சியில் 515 ஏக்கர். சுமந்திரன் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் ஜூன் 27ஆம் திகதி இடைக்காலத் தடை விதித்தது. அன்றைக்கு நான் மகிழ்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனுவைத் தாக்கல் செய்தவர் ஒரு ஜனாதிபதி சட்டத்தரணி. ஆயிரக்கணக்கான ஏக்கருக்குக் கொழும்பில் ஒரு குரல் கிடைத்தது. அரை ஏக்கர்காரிக்கு அவருடைய மாகாணத்துக்குள்ளேயே ஒரு வாசல் வேண்டும்.

அந்த வாசலைத் திறக்க அரசியலமைப்பைத் திருத்தத் தேவையில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவையில்லை. 13ஆவது திருத்தத்தைப் பற்றிய முடிவில்லாத வாதம் தீரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாகாண மேல் நீதிமன்றங்களை அமைக்கும் அரசியலமைப்பு உறுப்புரையின் மூன்றாம் பந்தி, நாடாளுமன்றம் சட்டத்தால் வழங்குகிற வேறு நியாயாதிக்கத்தையும் தத்துவங்களையும் அந்த நீதிமன்றங்கள் பிரயோகிக்கலாம் என்கிறது. நாடாளுமன்றம் இந்த வழியைப் பலமுறை பாவித்திருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் வர்த்தக வழக்குகளுக்கு மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகளின் மேன்முறையீடுகளை மாகாணத்துக்குள் கொண்டுவந்தது. வங்கிகளும் கம்பனிகளும் தங்கள் பிணக்குகளை விரைவாகத் தீர்க்கவென்று சட்டம் இயற்றிய அதே சபை, குடியிருக்கிற மண்ணை இழக்கப்போகிறவருக்காகவும் ஒரு சட்டம் இயற்றலாம். சோலைமுத்து ராசு தீர்ப்பு இதற்குக் குறுக்கே நிற்காது. மாகாண சபை நிரலின் வழியாக அந்த அதிகாரம் வரவில்லை என்றுதான் அது சொன்னது. நாடாளுமன்றம் நேரடியாகக் கொடுக்க முடியாது என்று சொல்லவில்லை.

ஆகவே நான் கேட்பது சிறிய சட்டமூலம் ஒன்று. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் வெளியேறல் அறிவித்தலை எழுத்தாணையால் பரிசீலிக்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு வேண்டும். 1983இல் பறித்த, தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை திரும்ப வர வேண்டும். அறிவித்தலை அனுப்பும் முன் ஒரு நாள் கூப்பிட்டு விசாரித்தால் அரசுக்கு என்ன குறைந்துவிடும்? 9ஆம் பிரிவில், போரால் இடம்பெயர்ந்தவர் தன் பெர்மிட் தொலைந்தது என்று சொன்னால், அதற்குப் பதிலாகப் பேரேடு, காணி பெறத் தெரிவானவர்களின் காணிக் கச்சேரிப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, உரப் பற்றுச்சீட்டு, அயலவர் சாட்சியம் எல்லாவற்றையும் பார்க்க நீதவானுக்கு அதிகாரம் வேண்டும். அதிகாரியை அழைத்து “இந்த அபிப்பிராயத்துக்கு எப்படி வந்தீர்கள்?” என்று கேட்கும் அதிகாரமும் வேண்டும்.

போரில் ஆவணம் இழந்தவர்களுக்கென்று 2013/01 சுற்றறிக்கை இருக்கிறதே என்று அமைச்சு பதில் சொல்லும். அதன்படி நானும் வேலை செய்தேன். சில குடும்பங்களுக்கு அது உதவியது. ஆனால் சுற்றறிக்கை சட்டம் அன்று. நீதவானை அது கட்டாது. அடுத்த சுற்றறிக்கை வந்தால் போய்விடும். போர் சனத்தைத் துரத்தியது என்பதை நாடாளுமன்றமே சட்டத்தில் ஒருமுறை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக்கூடாது என்றது. அது உறுதிக்காணிக்காரருக்கு. பெர்மிட் காணிக்காரருக்கும் அதே நியாயம்தான்.

மறுபக்கத்தையும் நான் அறிவேன். காட்டை டோசரால் தள்ளி, அரசியல் செல்வாக்கோடு நூறு ஏக்கர் பிடிக்கிறவர்கள் வன்னியிலும் இருக்கிறார்கள். குளத்தின் அலைகரையை அடைத்து வேலி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எழுப்ப இந்தச் சட்டம் வேண்டும். அதை ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் நீதவான் முன்னால் வந்தால், பத்துக் கேள்வி கேட்டாலும் அவருக்கு நியாயம் கிடைக்கப்போவதில்லை. கேள்வி கேட்பதால் தப்பப்போகிறவர் உண்மையில் அங்கே வாழ்ந்தவர் மட்டும்தான்.

உங்களில் ஆளும் கட்சியினரும் இருக்கிறீர்கள், எதிர்க்கட்சியினரும் இருக்கிறீர்கள். இதில் கட்சி பார்க்க ஒன்றும் இல்லை. அரசு கொண்டுவராவிட்டால், தனி உறுப்பினர் சட்டமூலமாக உங்களில் எவரும் கொண்டுவரலாம். ஆறு பேரும் சேர்ந்து கொண்டுவந்தால் சபை கேட்கும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. எனவே இன்றைக்கு எங்களுக்காகச் சட்டம் பேசக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

ஒரு வரைவைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். சட்டத்தரணிகள் இருவர் பார்த்துத் திருத்தித் தந்தார்கள். அந்தத் தாய் இப்போது தமக்கையின் காணியில் ஓர் ஓரமாக இருக்கிறார். மூத்த மகள் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறாள். போன மாதம் சந்தையில் கண்டபோது, அந்த நான்கு தென்னையும் இன்னும் நிற்கிறதா என்று என்னிடம் கேட்டார். நிற்கிறது. கட்டடம் இன்னும் கட்டவில்லை. வரைவை எந்த நாளில், யாருடைய அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அறிவியுங்கள். நான் வருகிறேன். அவரும் பையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற காணிக் கிளை உத்தியோகத்தர் ஒருவர்
முல்லைத்தீவு மாவட்டம்